துண்டு கொடுப்பதோடு வேலை முடிவதில்லை

(கிளினிக் தொண்டர்களின் ஒன்றுகூடலில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஜூன் 23ஆம் திகதி சர்வதேச விதவைகள் தினம். ஐக்கிய நாடுகள் சபை இதனை 2010ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. நமது தோட்டத்திலும் கணவனை இழந்த வறிய தாய்மாருக்காக மாதம் ஒருமுறை இலவச கிளினிக் நடத்துகிறோம். அதற்குத்தான் நீங்கள் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். "எங்களுக்கு மருந்து மாத்திரை ஒன்றும் தெரியாதே, நாங்க வந்து என்ன செய்யிறது?" என்று பலர் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

இந்தத் தாய்மார் யார்? வெயிலிலும் மழையிலும் கூடை சுமந்து பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். புருஷன் போன பிறகு மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஒரு மூலையில் படுக்கை. வேலையில் இருந்து நின்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார்கள். கர்ப்பிணித் தாய் இருக்கிற வீட்டுக்குக் குடும்ப நல மாது தேடி வருகிறார். பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் வருகிறார். அறுபது வயது அம்மாவின் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள்? நோவு என்றால் தைலம், காய்ச்சல் என்றால் பனடோல். அதோடு சரி.

இப்போது நாங்கள் விட்ட ஒரு பிழையை உங்களிடம் சொல்லப் போகிறோம். சில வருஷங்களுக்கு முன் கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தார். கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். நாளெல்லாம் வெற்றிலை போடுகிறவர். டொக்டர் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார். நாங்கள் அதை அவர் கையில் கொடுத்து, "கட்டாயம் போங்க அம்மா" என்றோம். அவரும் தலையாட்டினார். எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

ஆறு மாதம் கழித்து வேறு அலுவலாக அந்த லயத்துக்குப் போனபோது, துண்டு சாமிப் படத்துக்குப் பின்னால் மடித்தபடியே இருந்தது. "யாரோட போறது ஐயா? மகனுக்கு ஒரு நாள் பேர் போயிருமே" என்றார் அந்த அம்மா. பிறகு நாங்களே கூட்டிக்கொண்டு போனோம். உயிர் தப்பியது. ஆனால் தாடையில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் கஞ்சிதான் குடிக்கிறார். அந்த ஆறு மாதம் எங்கள் கணக்கில்தான் சேரும்.

நமது நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் போய் வருவது இலவசம் இல்லை. பஸ் காசு வேண்டும், ஒரு நாள் சம்பளம் போகும், துணைக்கு ஒரு ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சம்.

இது நமது மலையகத்தில் மட்டும் உள்ள சங்கதி அல்ல. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றபின், 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 கட்டிலோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கிராமங்களில் இலவச கண் முகாம் வைத்தார்கள். ஒப்பரேஷனும் இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. பஸ்ஸுக்குக் காசில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, துணையில்லை. அதன் பிறகு முகாமில் இருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு கொடுத்து, ஒப்பரேஷன் முடித்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரே ஊர்க்காரர் பலர் ஒன்றாகப் போனதால் பயமும் குறைந்தது. முகாமுக்கு ஆட்களைத் திரட்டியவர்களில் உங்களைப் போன்ற தொண்டர்களும் இருந்தார்கள்.

ஆகவே உங்கள் வேலை இதுதான்.

முதலாவது, கிளினிக்குக்கு முதல் நாள் உங்கள் லயத்து அம்மாமாரின் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். காலையில் கூடவே அழைத்து வாருங்கள்.

இரண்டாவது, வாயில் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளைப் படை, வாயைத் திறக்கக் கஷ்டம் என்றால் உடனே எங்களிடம் சொல்லுங்கள். "நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தான்" என்பார்கள். பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு முடிவு செய்திருக்கிறது. மார்பில் கட்டி இருந்தாலும், மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் பட்டாலும் மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் 'சுவநாரி' கிளினிக்கில் பெண்களுக்கு மார்பும் கருப்பைக் கழுத்தும் பரிசோதிக்கிறார்கள். 1996ஆம் ஆண்டு தொடங்கிய சேவை அது.

மூன்றாவது, பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் சுகமாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பார்கள். கிளினிக் கொப்பியைப் பார்த்து அன்பாகச் சொல்லுங்கள். அதட்ட வேண்டாம்.

நான்காவது, அம்மா உங்களிடம் சொன்னதைப் பீலிக்கரையில் பேசாதீர்கள். ஒருமுறை வெளியில் போனால் அடுத்த மாதம் அவர் வரமாட்டார்.

ஐந்தாவதுதான் முக்கியம். யாருக்காவது துண்டு எழுதினால், பெயரையும் திகதியையும் உங்கள் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திகதியில் அவரோடு ஒருவர் பஸ் ஏறவேண்டும். பஸ் காசுக்கு எங்களிடம் வாருங்கள், வழி பார்ப்போம். அவசரம் என்றால் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.

அந்த அம்மா இப்போதும் மாதா மாதம் கிளினிக்குக்கு வருகிறார். பேசுவது சரியாக விளங்காது. ஆனாலும் புதிதாக வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, வெற்றிலைப் பையை வாங்கி வைத்துக்கொள்கிறார். நமது கிளினிக்கின் முதல் தொண்டர் அவர்தான். அவருக்கு அடுத்தபடியாக உங்களை வரவேற்கிறோம்.