பலர் படிக்கும் எழுத்தும் பயன்படும் எழுத்தும்

(வடமராட்சிக் கிராமமொன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில் நியாயவாதி ஒருவர் நிகழ்த்திய உரை)



வாசிகசாலை விழாவென்றால் வாசிப்பின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதைப் பேசுவதற்கு எனக்குப் பின்னர் இரண்டு ஆசிரியர்கள் காத்திருக்கிறார்கள். ஆகவே அப்பணியை அவர்களிடம் விட்டுவிட்டு, நான் ஒரு முறைப்பாட்டுடன் வந்திருக்கிறேன். முறைப்பாடு நமது பிரபல எழுத்தாளர்கள்மீது. கதாசிரியர்களைச் சொல்லவில்லை. கிழமைதோறும், சிலர் நாள்தோறும், நாட்டு நடப்பைப்பற்றி எழுதி, தமது எழுத்துக்காக ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கும் நிலையை அடைந்துவிட்ட பத்தி எழுத்தாளர்களையே சொல்லுகிறேன். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் முறைப்பாட்டை மறந்து ஆளைப்பற்றிப் பேசத் தொடங்கிவிடுவீர்கள். அந்தப் பழக்கத்தை நமக்கு ஊட்டியவர்களும் அவர்களே.

2025 மார்ச் 28 ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின்கீழ் வர்த்தமானி அறிவித்தலொன்று வெளியாயிற்று. வட மாகாணத்தில் 5,940 ஏக்கர் நிலத்துக்கு உரித்துடையோர் மூன்று மாதத்துள் தம் உரிமையைக் கோரவேண்டும். கோரப்படாத நிலம் அரசுக்குரியதாகும் என்பதே அதன் சாரம். போரிலே வீட்டோடு உறுதியையும் இழந்தவர்கள் எத்தனை பேர்? 2004 ஆம் ஆண்டுக் கடற்கோள் கொண்டுபோன பெட்டகங்கள் எத்தனை? உரித்தாளர் மூவரில் ஒருவர் கனடாவில், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் இருக்குமிடமே தெரியாது என்ற நிலையிலுள்ள குடும்பங்கள் எத்தனை? இவர்களுக்கெல்லாம் கொடுக்கப்பட்ட தவணை மூன்றே மாதம்.

அந்நாட்களில் வடமராட்சி கிழக்கிலிருந்து ஒரு மூதாட்டி என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பத்திரிகைத் துண்டு. மடித்து மடித்து நைந்திருந்தது. "தம்பி, இதைப் பேரனைக் கொண்டு மூண்டுதரம் வாசிப்பிச்சுக் கேட்டனான். காணி போகப்போகுதெண்டு விளங்குது. நான் என்ன செய்யவேணுமெண்டு இதிலை எங்கை கிடக்கு?" என்று கேட்டார்.

நானும் அதை ஒருதரத்துக்கு இருதரம் படித்துப் பார்த்தேன். பண்டைய அரசர்கள் இருந்தார்கள். உலகத்தின் மனச்சாட்சி இருந்தது. பழமொழி மூன்று இருந்தது. உரிமை கோரவேண்டிய கடைசி நாள் இல்லை. வர்த்தமானியின் இலக்கம் இல்லை. எந்தத் திணைக்களத்துக்கு எழுதுவது, உறுதி தொலைந்தவர் வேறு எதைக் காட்டி உரித்தை நிலைநாட்டலாம் என்பதைப்பற்றி ஒரு வரிதானும் இல்லை. எழுதியவர் தீயவரல்லர், அவருடைய கோபம் மெய்யான கோபம் என்றே நம்புகிறேன். ஆனால் அந்தக் கோபத்தால் அவருக்குப் புகழ் வந்தது. அந்த மூதாட்டிக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்த கிழமை அதே பத்தியில், இரு அரசியல்வாதிகள் ஒரு கலியாண வீட்டிலே கைகுலுக்காமற் சென்றதன் உட்பொருள் விரிவாக ஆராயப்பட்டிருந்தது!

யூன் மாத இறுதியில், தவணை முடியும் தறுவாயில், உயர் நீதிமன்றம் அந்த அறிவித்தலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. சனங்கள் மூச்சுவிட்டார்கள். அது வழக்காடியவர்களின் முயற்சியால் வந்தது; பத்திகளால் வந்ததன்று. தடை கிடைக்காதிருந்தால் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு அம்மூதாட்டி என்ன செய்திருப்பார்?

நான் நீதிமன்றத்தில் நிற்பவன். எனக்கொரு கடிவாளம் உண்டு. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, பிணக்கிலுள்ள விடயத்துக்கும் அதனோடு தொடர்புடையதற்குமே சாட்சியம் அளிக்கலாம், வேறெதற்கும் கூடாது என்று சொல்லுகிறது. 60 ஆம் பிரிவு, வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்கவேண்டும் என்கிறது. கண்டது என்றால் கண்டவனே வந்து சொல்லவேண்டும். நமது பத்திகளிலே "நம்பத்தகுந்த வட்டாரங்கள்", "உள்வீட்டுத் தகவல்", "பலரும் பேசிக்கொள்கிறார்கள்" என்பவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது எத்தனை வரி? எழுத்தாளருக்கு நீதவான் இல்லை, வாசகரே நீதவான். நீதவான் கண்ணயர்ந்தால் நியாயவாதி எப்படிப் பேசுவார் என்பதை நான் அறிவேன். பிறரைக் குறைகூறுவானேன், நானே அப்படிப் பேசியிருக்கிறேன்.

"சனங்கள் விரும்புவதைக் கொடுக்கிறோம், நாள்தோறும் எழுதுபவன் நாள்தோறும் புதுமை சொல்ல முடியுமா?" என்பது அவர்களுடைய எதிர்வாதம். முடியுமா என்று பார்ப்போம். 1711 மார்ச்சில் இலண்டனில் அடிசனும் ஸ்டீலும் 'ஸ்பெக்டேட்டர்' என்ற ஒற்றைத்தாளை ஆரம்பித்தார்கள். ஞாயிறு தவிர்ந்த எல்லா நாளும் வந்தது. 1712 டிசெம்பரில் நிறுத்தப்பட்டபோது 555 இதழ்கள் வெளிவந்திருந்தன. கோப்பிக் கடைகளில் பொழுதுபோக்கக் கூடியவர்களே வாசகர்களிற் பலர். அவர்களுக்கு விசிறி, உடை, நாகரிகம் என்றெல்லாம் இலேசான விடயங்களும் எழுதப்பட்டன, மறுக்கவில்லை. ஆயினும் அதே வாசகர்களுக்கு, மில்டனின் 'இழந்த சொர்க்கம்' என்ற பெருங்காவியத்தை விளக்கிச் சனிக்கிழமைகளிலே பதினெட்டுக் கட்டுரைகள் எழுதினார் அடிசன். வாசகர் ஓடிவிடவில்லை. இலண்டன் எதற்கு? 'ஆனந்த விகட'னிலே 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி எழுதிய சங்கீத விமர்சனங்களைப் பாருங்கள். சிரிக்கச் சிரிக்க எழுதினார். சிரித்து முடித்தபோது வாசகனுக்குக் கச்சேரியை எப்படிக் கேட்பது என்பதும் தெரிந்திருந்தது. இலேசாக எழுதுவது குற்றமன்று. ஒன்றும் இல்லாமல் எழுதுவதே குற்றம்.

நம் சனங்களுக்குக் கனமானது பிடிக்காது என்பதும் அவதூறு. 1841 இல் 'உதயதாரகை' தொடங்கிய காலந்தொட்டுப் பத்திரிகை படித்துவரும் மண் இது. அந்த மூதாட்டி மூன்றுதரம் வாசிப்பித்தது பொழுதுபோக்குக்காகவா?

ஆனால் அரசியலில் இருக்கும் எங்களுக்கும் இதிலே பங்குண்டு என்பதை மறைக்கமாட்டேன். இந்தப் பத்திகளிலே எமது பெயர் நல்லவிதமாக வரவேண்டும் என்று ஏங்குகிறோம். கட்சிக் கூட்டம் முடிந்து வாசலுக்கு வருமுன் உள்ளே நடந்ததை அவர்களுடைய காதிலே போடுகிறவர்கள் யார்? எழுத்தாளர் எங்களைப் புகழ்ந்தால் அது ஆய்வு. எதிரணியைப் புகழ்ந்தால் அது வம்பு. இப்படியிருக்க, அவர்மட்டும் திருந்தவேண்டும் என்பது நீதியாகாது.

இந்த வாசிகசாலைச் செயலாளரிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. அந்தச் சுவரிலே ஒரு பலகை வையுங்கள். காணி, தேர்தல் இடாப்பு, நட்டஈடு ஆகியவைபற்றிய வர்த்தமானி அறிவித்தல்கள் வரும்போது திகதியையும் இலக்கத்தையும் கடைசி நாளையும் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். இவ்விடயங்களைப்பற்றி ஒரு பிரபலமானவர் எழுதி, கடைசி நாளைச் சொல்லாமல் விட்டால், அந்தக் கிழமையே வாசிகசாலையின் பெயரால் அவருக்கு ஒரு கடிதம் போகட்டும். வசைச்சொல் வேண்டாம். "ஐயா, திகதி என்ன?" என்று கேட்டால் போதும். முதற் கடிதத்தில் நானும் கையொப்பமிடுகிறேன். எழுதிக்கொண்டு வாருங்கள், கூட்டம் முடியும்வரை இங்கேதான் இருப்பேன்.