புதிய லாரியா, பழைய லாரியா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



லாரித் தொழிலில் புதிய வண்டி வாங்குதல் நன்றா, உள்ள வண்டியைப் பேணுதல் நன்றா என்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எனக்குப் பணித்துள்ளனர். தமிழாசிரியனுக்கும் லாரிக்கும் யாது தொடர்பு எனச் சிலர் நகைக்கலாம். தொடர்பு உண்டு. நன்கு கற்றுவரும் மாணவன் இடையில் நின்றுவிடின், அவன் இல்லத்திற்குச் சென்று காரணம் வினவுதல் என் வழக்கம். “தவணை கட்டவில்லை, வண்டியைப் பிடித்துச் சென்றுவிட்டார்கள்” என்னும் விடையை யான் ஒருமுறையன்று, பன்முறை கேட்டிருக்கின்றேன். ஆதலின் இது வண்டியைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. நம் மக்களின் கல்வியையும் குடும்ப மானத்தையும் பற்றிய பேச்சாகும்.

நம்மவருட் பலர் ஒற்றை லாரியை வைத்துத் தாமே ஓட்டிப் பிழைப்பவர். உறவினர் ஒருவர் புதுவண்டிக்கு மாலையிட்டுத் தேங்காய் உடைத்தவுடன், நேற்றுவரை நமக்குச் சோறிட்ட வண்டி நம் கண்ணுக்கு இழிந்ததாகத் தோன்றுகின்றது. மனைவியின் நகை முன்பணமாகின்றது; வீட்டுப் பத்திரம் ஈடாகின்றது. ஒரு வினையால் அழிவது யாது, விளைவது யாது, முடிவில் நிற்கும் ஊதியம் யாது என்று எண்ணிப் பார்த்துத் தொடங்கவேண்டுமெனத் திருவள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துகின்றார். வரப்போகும் இலாபத்தை நம்பிக் கையிலுள்ளதைத் தொலைத்தலையும் அவர் ஆங்கே கடிகின்றார். அம்முறைப்படி நாமும் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒருவர் 20 இலட்சம் ரூபாய் கடன் பெறுகின்றார் என வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு. தவணை 60 மாதம். மாதந்தோறும் ஏறத்தாழ 44,490 ரூபாய் செலுத்தவேண்டும். முடிவில் அவர் செலுத்திய தொகை 26 இலட்சத்து 69 ஆயிரத்தைத் தாண்டும். இனிப் பழைய வண்டியைப் பார்ப்போம். ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் பழுதுபார்க்கச் செலவாகுமாயின், மாதத்திற்கு 16,700 ரூபாய் ஆகும். வண்டி ஒருநாள் நின்றால் இழக்கும் நிகர வருவாய் 3,000 ரூபாய் என்றும், மாதம் 4 நாள் நிற்கும் என்றும் கொள்ளின், அவ்வகையில் 12,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 28,700 ரூபாயே. ஆனால் மாதம் 10 நாள் நின்றுவிடுமாயின் மொத்தம் 46,700 ஆகிப் புதுவண்டியின் தவணையை மிஞ்சிவிடும். ஆகவே முடிவு செய்யவேண்டியது வண்டியின் வயதன்று, வண்ணமன்று. அது நிற்கும் நாட்களே. இன்னுமொன்று: பழுது சில மாதங்களில் வாராதிருக்கும், தவணையோ, மழை பெய்து லோடு கிடைக்காத மாதத்திலும் தவறாது வரும்.

புதுவண்டியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. தவணை முடிந்தபின் விலைபோகும் சொத்து ஒன்று கையில் நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளின் மீதுள்ள ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது. எப்.சி. என வழங்கும் தகுதிச் சான்றினை 8 ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாற் போதும். அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு அக்கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பன்மடங்கு உயர்ந்துவிட்டது. எனினும், 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகைவிதி வந்தபின் வெளிவரும் வண்டிகளில் உணர்கருவிகள் மிகுதி. பெரிய வண்டிகளிற் பெரும்பாலானவற்றிற்கு டீசலோடு யூரியாக் கரைசலும் ஊற்றவேண்டும். பழுது நேர்ந்தால் கணினியை இணைத்தே காரணம் காணவேண்டியிருத்தலின், சாலையோரத்து மெக்கானிக் ஸ்பானரோடு வந்து சரிசெய்தல் அரிதாயிற்று. கம்பெனிப் பட்டறை தொலைவிலுள்ள ஊரார் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

பழைய வண்டியை வைத்திருத்தல் வேறு, பேணுதல் வேறு. ரேடியேட்டரில் நீர் குறைந்ததைப் பாராது ஓட்டினால் என்ஜின் சூடேறிச் சிலிண்டர் ஹெட் வளையும், கேஸ்கட் போகும். சில நிமிடச் சோம்பல் பல ஆயிரத்தை விழுங்கும். ஏர் பில்டர் அடைபட்டால் டீசல் மிகுதியாகச் செலவாகும். டயரிற் காற்றுக் குறைந்தால் டயரும் தேயும், டீசலும் போகும். பட்டையில் ஓர் இலை ஒடிந்ததைப் புறக்கணித்தால் பளு முழுவதும் ஏனையவற்றின்மேல் ஏறும். ஆதலின் காலையில் வண்டியை எடுக்குமுன் ஆயில், நீர், காற்று, பிரேக்கு ஆகியவற்றைப் பார்த்தல், உண்ணுமுன் கை கழுவுதல் போன்றதொரு வழக்கமாகவேண்டும்.

அவ்வாறே ஒவ்வொருவரும் குறிப்பேடு ஒன்று வைத்தல் வேண்டும். ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய டீசல், செய்த வேலை, கொடுத்த பணம், வண்டி நின்ற நாள் என ஐந்தையும் அதில் எழுதுக. இல்லத்தரசியார் எழுதினால் இன்னும் நன்று, கணக்கு மறையாது. லிட்டருக்கு ஓடும் தொலைவு மாதந்தோறும் குறைந்து வருமாயின் நோய் தொடங்கிற்று என அறியலாம். சேஸிஸில் விரிசல் கண்டாலும், என்ஜின் வேலை முழுதும் செய்தபின்னும் ஆயில் குடித்தாலும், நின்ற நாட்களின் இழப்பும் பழுதுச் செலவும் தவணைத் தொகையை எட்டினாலும், அன்று தயங்காது வண்டியை விற்றுவிடுக. கணக்கு விற்கச் சொல்லும்போது விற்காமையும் பேதைமையே.

சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றேன். அத்தகைய குறிப்பேட்டை அச்சிட்டு உறுப்பினர்க்கு அடக்க விலையில் வழங்குக. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பயிற்சி ஓராண்டே. அதிற் சேரும் நம் பிள்ளைகளுக்கு உதவித்தொகை அளிக்குக. கையில் மசி படியும் தொழிலை இழிவென்று கருதும் மனப்பான்மை நம்மிடையே ஒழியவேண்டும். கடனால் வந்த புதுவண்டி வாயிலில் நிற்பது பெருமையன்று. எவ்வண்டியாயினும் அதன் வருவாயில் நம் மக்கள் இடையறாது பள்ளி செல்வதே பெருமை. இதனை நினைவிற் கொள்ளுமாறு வேண்டி என் உரையை முடிக்கின்றேன்.