சம்பள ஏற்றமும் கடிதக் கட்டும்

(கிளிவெட்டியில் ஆற்றிய உரை)



உத்தியோகத்திற் பாரபட்சம் என்று நாம் முழங்காத மேடையில்லை. அதை எழுத்தில் நிறுவியவர் எத்தனை பேர்? கேகாலைக் கச்சேரி எழுதுவினைஞர் செல்லையா கோடீஸ்வரனை எண்ணிப் பார்ப்போம். சிங்களப் பரீட்சைக்குத் தோற்றாமையால் 1962இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. சிறு தொகைதான். அவரோ, 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமே சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானதென வழக்காடினார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றில் வென்றார். அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிமீது வழக்காட முடியாதென 1967இல் உயர் நீதிமன்றம் தள்ளிற்று. முடியுமென்று 1969இல் கோமறைக் கழகம் தீர்த்து, மூலக் கேள்வியைத் திருப்பி அனுப்பிற்று. விடை வருமுன், 1972இன் அரசியலமைப்பு அந்த 29ஆம் பிரிவையே விழுங்கிவிட்டது!

இன்று நமக்குள்ளது 1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. இனம், மதம், மொழி, சாதி, பிறந்த இடம் பற்றிப் பாரபட்சம் கூடாதென்கிறது. விசேட ஏற்பாட்டுக்கு அது பெயர் சொல்லி இடமளிப்பது பெண்கள், சிறுவர், இயலாதோருக்கு மட்டுமே. தனியார் கம்பெனியின் செயல் இதில் அகப்படாது. அரச நிர்வாகச் செயலுக்கெதிராக உயர் நீதிமன்றுக்குப் போகவும் ஒரு மாதமே தவணை.

ஒரு மாதத்தில் எதைத் தேடுவது? ஆகவே வேலை மறுக்கப்பட்ட நம் பிள்ளைகளின் விளம்பரத் துண்டு, விண்ணப்பப் பிரதி, புள்ளி, மறுப்புக் கடிதம் யாவற்றையும் திகதியிட்டுச் சேர்ப்போம். நாம் செய்யும் ஆராய்ச்சி இதுவே. காணிப் பத்திரத்தைப் பெட்டியிற் பூட்டிக் காக்கும் அல்லைக் கமக்காரருக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. கடிதங்களை அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள்.