பந்தியில் உட்காரும் முன்பும் எழுந்த பின்பும்

(ஆஸ்பத்திரி ஆதரவாளர்களின் ஸ்தோத்திரக் கூடுகையில் கொடுக்கப்பட்ட செய்தி)



கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுக்கிற வாசனை தெருவுக்கே வருகிறது. பண்டிகையில் சாப்பிடாதேயுங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நெகேமியா 8ஆம் அதிகாரத்தில், நியாயப்பிரமாணத்தைக் கேட்டு அழுத ஜனங்களை, வீட்டுக்குப் போய் நல்ல விருந்து சாப்பிட்டு மகிழும்படி அனுப்பிவைத்தார்கள். விருந்தும் தேவனுடைய ஈவுதான்.

ஆனால் பண்டிகைக்கு மறுநாள்களில் எங்கள் வார்டுகளைச் சுற்றி வரும்போது, சர்க்கரை ஏறிப் படுத்திருக்கிற நம் விசுவாசிகளைக் காண்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நம் தேசத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. உங்கள் பந்தியிலும் அவர்கள் இருப்பார்கள்.

"ஜெபம்பண்ணித்தானே ஐயா சாப்பிட்டேன்" என்று ஒரு தாயார் எங்களிடம் கேட்டார்கள். வசனமும் சொன்னார்கள். ஸ்தோத்திரத்தோடு பெற்றுக்கொள்ளும் ஆகாரம் எதையும் தள்ளவேண்டியதில்லை என்கிற 1 தீமோத்தேயு 4ஆம் அதிகாரம். வசனம் மெய்யானது. ஆனால் பவுல் அதை யாருக்கு விரோதமாக எழுதினார்? விவாகத்தைத் தடைசெய்து, சில ஆகாரங்களை விலக்கச் சொன்ன கள்ளப் போதகர்களுக்கு விரோதமாக. சர்க்கரை உள்ளவருக்கு நாலாவது துண்டு கேக் கொடுப்பதற்காக அல்ல. அதே நிருபத்தில் அடுத்த அதிகாரம் 23ஆம் வசனத்துக்கு வந்தால், தீமோத்தேயுவின் வயிற்றையும் பலவீனத்தையும் நினைத்து ஒரு தகப்பனைப்போல ஆலோசனை சொல்லுகிறார். அதிலும் 'கொஞ்சம்' என்று அளவு வைத்தே சொல்லுகிறார். (இந்த வசனத்தை வேறு காரணத்துக்காக மனப்பாடமாக வைத்திருக்கிற சகோதரர்களும் உண்டு. அது இருக்கட்டும்.)

எங்களுக்குப் பெரிய பாரம் சாப்பிடுகிறவரைப் பற்றியல்ல, பரிமாறுகிறவரைப் பற்றியே. "பண்டிகை நாள், ஒருநாள்தானே, சாப்பிடுங்க அண்ணாச்சி" என்று இலையை மூடின கையை விலக்கிப் போடுகிறோம். அது நம் ஊர் உபசாரம், அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் மறுத்தால் மரியாதைக் குறைவு என்று பயந்து, வந்தவர் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடுகிறார். காலில் ஆறாத புண்ணோடு வருகிறவர் எத்தனை வீட்டு உபசாரத்தைச் சுமந்து வருகிறார் என்று நாங்கள் நினைப்பதுண்டு. "போதும்" என்று ஒருவர் சொன்னால், தயவுசெய்து அதோடு விட்டுவிடுங்கள்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. அதிகாலை ஆராதனைக்குப் போகுமுன் இன்சுலின் போட்டுக்கொண்டு, திருவிருந்து முடியும்வரை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். வேர்த்து, கை நடுங்கி, ஆலயத்திலேயே மயங்கிவிடுவார்கள். உபவாசம் நல்லது; வியாதிக்காரருக்கு அது கட்டளையல்ல. ஊசியையும் மாத்திரையையும் அன்று எத்தனை மணிக்கு எடுப்பது என்று முன்னதாகவே டாக்டரிடம் கேளுங்கள். சட்டைப் பையில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும். மத்தியானம் பிரியாணி கூடுதலாகச் சாப்பிடலாம் என்று காலை ஆகாரத்தைத் தள்ளுவதும் வேண்டாம்.

நாம் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கிறோம். உபாகமம் 8:10 சாப்பிட்டுத் திருப்தியான பின்பு ஸ்தோத்திரிக்கச் சொல்லுகிறது. யூதர்கள் இன்றைக்கும் போஜனத்துக்குப் பிறகு ஜெபிக்கிறார்கள். இந்த வருஷம் உங்கள் வீட்டில் அதையும் செய்து பாருங்கள். இலையை எடுக்குமுன் ஒரு நிமிஷம், சின்னப் பிள்ளை ஒன்று ஜெபிக்கட்டும். மூச்சுவிட முடியாமல் சாய்ந்துகிடக்கிறவருக்கு அந்த ஜெபத்துக்கு 'ஆமென்' சொல்லுவது கஷ்டமாயிருக்கும்!

நெகேமியாவின் நாளில் இன்னொன்றும் சொல்லப்பட்டது. ஒன்றும் ஆயத்தம் இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்பவேண்டும். டிசம்பர் 25 அன்று வீட்டுக்குப் போகமுடியாத நோயாளிகள் எங்களோடிருப்பார்கள். நீங்கள் அனுப்புகிற கேக்கை நன்றியோடு பெற்றுக்கொள்ளுகிறோம். கூடவே முட்டை, கொய்யாப்பழம், சுண்டலுக்குக் கொண்டைக்கடலை அனுப்பினால் சர்க்கரை வார்டுக்கும் பண்டிகை வரும். இன்சுலின் வாங்க இயலாதவர்களுக்காகவும் காணிக்கை அனுப்பலாம். பலகாரம் கொண்டுவருகிறவர்கள் நேரே கட்டிலண்டைக்குப் போகாமல், முதலில் வார்டு சிஸ்டரிடம் கொடுங்கள். யாருக்கு எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும்.