வாவிக்கரைப் பயணமும் பொதுப்பணமும்



கார் பெருகிய நாடுகளில் அரசுகள் இப்போது ஒரு வகை மானியம் கொடுக்கின்றன. தனியாளாகக் காரில் போகிறவரை அதிலிருந்து இறக்கி, நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ பஸ்ஸில் ஏறவோ வைப்பதற்கான பணம் அது. அமெரிக்காவில் 1991இல் வந்த போக்குவரத்துச் சட்டம், வீதிகளுக்குப் போகும் மத்திய நிதியில் ஒரு பங்கை நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் செலவிட வழிதிறந்தது. கார் இல்லாமல் கடைக்குக்கூடப் போகமுடியாதபடி ஊர்களைக் கட்டிவிட்டு, பிறகு அதைத் திருத்தப் பணம் தேடுகிறார்கள்.

நமது மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் கதை வேறு. இங்கே பெரும்பாலான வீடுகளில் கார் கிடையாது. நடையும் சைக்கிளும் பஸ்ஸும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அவற்றை நம்பி இருக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கைவிட்டுப் போகிறார்கள். போகாமல் பிடித்துவைக்க ஆகும் செலவு, போனவரைத் திருப்பிக் கொண்டுவர ஆகும் செலவில் ஒரு சிறு துண்டு. அந்தச் சிறு துண்டை நமது வரவு செலவுத் திட்டங்கள் ஏன் ஒதுக்கவில்லை என்பதே என் கேள்வி.

வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையைப் பாருங்கள். காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரே வீதியில் ஊர்கள் கோத்துக் கிடக்கின்றன. மேடு பள்ளமே இல்லை. பஸ் விடுவதற்கு இதைவிட வசதியான தரை எங்கே இருக்கிறது? எந்த வீட்டிலிருந்தும் பெருந்தெருவுக்கு நடந்து வந்துவிடலாம். அப்படியிருந்தும் அந்தத் தெருவில் சைக்கிளுக்கென்று விட்ட ஓரம் போதாது. வீதி காபட் ஆனபின் வாகனங்களின் வேகம் கூடிற்று. மீன் பெட்டி கட்டிய சைக்கிள்காரர் மணலோரத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்.

மேற்குக் கரையான படுவான்கரை இன்னொரு உலகம். வயலும் குளமும் விரிந்த நிலம், தள்ளித்தள்ளிக் கிராமங்கள். ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமான வாவியைக் கடக்க வலையிறவிலும் பட்டிருப்பிலும் பாலம் உண்டு. மண்முனையில் 2014இல் ஜப்பானிய உதவியோடு பாலம் வந்தது. மற்ற இடங்களில் 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவைப் படகுதான். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகும் பாதையில் ஒரு காலைப்பொழுது ஏறிப்பார்க்க வேண்டும். இரும்புத் தட்டு கரையைத் தொட்டதும் மோட்டார் சைக்கிள்கள் முந்தி ஏறும். பின்னால் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் சைக்கிளை உருட்டிவந்து கம்பியில் சாய்த்து, பக்கத்துச் சைக்கிளில் சிக்காதபடி பெடலைத் திருப்பிவைப்பார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிய ஆசிரியைகள், தயிர்ச் சட்டியைக் கையில் ஏந்தியபடி நிற்கும் ஒரு மனுசி, எல்லாருக்கும் அந்த மேடையில் இடம் உண்டு. கரை சேர்ந்தபின்தான் சிக்கல். அங்கே பஸ் நிற்கிறதா? அது பாதையின் நேரத்துக்கு வருகிறதா? வராவிட்டால் வெயிலில் நடை, அல்லது ஓட்டோவுக்குக் கையிலிருக்கும் காசு. மாலை மங்கினால் யானைப் பயமும் சேரும். வெல்லாவெளிப் பக்கத்தார் அதை நன்கறிவர்.

இந்தத் துன்பம்தான் ஒரு குடும்பத்தை லீசிங் கம்பனியின் வாசலுக்குக் கொண்டுபோகிறது. மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர் ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. பஸ் வராததால் வாங்குகிறார். மாதாமாதம் கட்டும் தவணை அவரிடமிருந்து அறவிடப்படும் போக்குவரத்து வரிபோல் ஆகிவிடுகிறது. 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது அந்த வண்டிகள் வீட்டு முற்றத்தில் நின்றன, தவணை மட்டும் நிற்கவில்லை. பழைய சைக்கிள்களைத் தேடி எடுத்து டயர் மாற்றியவர்கள்தான் அப்போது வேலைக்குப் போனார்கள்.

மானியம் என்பது நமக்குப் புதிதல்ல. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு பள்ளிப் பிள்ளைகளுக்காக 'சிசு செரிய' பஸ்ஸையும், இலாபம் தராத கிராமத் தடங்களுக்காக 'கெமி செரிய' பஸ்ஸையும் அரச பணத்தில் தாங்குகிறது. இந்த யோசனை மிக நல்லது. நட்டத் தடத்தில் ஓடுகிறவருக்கு அந்த நட்டத்தை அரசு ஈடுசெய்யும். படுவான்கரைக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் எனக்குத் தெரியவில்லை. துறைக்கு வரும் பஸ்களுக்கு இந்தப் பணத்தைக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: காலை முதல் பாதைக்கும் மாலைக் கடைசிப் பாதைக்கும் பஸ் கரையில் நிற்கவேண்டும்.

சைக்கிளுக்கும் ஒரு சான்று சொல்கிறேன். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க இரண்டாயிரம் ரூபா கொடுத்தார்கள். கார்த்திக் முரளீதரன், நிஷித் பிரகாஷ் என்ற பொருளியலாளர் இருவர் அதை ஆராய்ந்தபோது, உயர்பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகளின் விகிதம் 32 வீதம் உயர்ந்திருந்தது. பள்ளி மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள கிராமங்களிலேயே பலன் அதிகம். கிராமங்கள் தள்ளித்தள்ளி இருக்கும் படுவான்கரையில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த மூன்று கிலோமீற்றர் பொருந்தும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இங்கும் போருக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் சைக்கிள் கொடுத்தன. ஆனால் கொடை நிகழ்ச்சியோடு கதை முடிந்துவிட்டது. டியூபும் செயினும் மாற்ற ஒரு சிறு தொகை, பள்ளிக்கூடத்தில் நிழலான நிறுத்துமிடம், வீதியோரத்தில் ஒரு கோடு, இவையில்லாமல் சைக்கிள் இரண்டு வருடத்தில் இரும்பு வியாபாரியிடம் போய்விடும்.

பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரசவ வலியோடு துறையில் காத்திருந்த பெண்களின் ஊரில் நின்று அப்படிச் சொல்ல யாருக்கும் மனம் வராது. கல்லடியில் 2013இல் புதிய பாலம் திறந்ததும், ஒரு வாகனம் போனால் எதிர்வாகனம் காத்து நின்ற லேடி மன்னிங் பாலத்தின் நெருக்கடி தீர்ந்தது. அந்தப் பழைய இரும்புப் பாலத்தை இடித்துவிடாமல் நடப்பவருக்காக விட்டுவைத்தது நமது மாவட்டம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. லொறியின் பயமில்லாமல் குழந்தையைக் கைபிடித்து வாவியைக் கடக்க ஓர் இடம் கிடைத்தது. அதற்காகப் புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

இனி வரும் ஒவ்வொரு பாலத்துக்கும் வீதிக்கும் இதைக் கேட்போம். மதிப்பீட்டிலேயே நடைபாதையும் சைக்கிள் ஓரமும் இருக்கட்டும். பாலம் திறக்கும் அன்றே அதில் ஓடும் பஸ்ஸின் நேர அட்டவணையும் வெளிவரட்டும். பாலம் வரும்வரை பாதையில் சைக்கிளோடு ஏறும் மாணவருக்குக் கட்டணம் வேண்டாம். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் குருமண்வெளித் துறையின் பஸ் நேரத்தை முதல் விடயமாக எடுக்கும்படி, இந்தச் சபையில் இருக்கும் பிரதேச செயலாளர்களையும் பிரதேச சபை உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.