தள்ளிப்போட வேண்டாம் தாய்மார்களே!

(நமது அறக்கட்டளையின் பெண்கள் கூட்டத்தில், மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)





சிகிச்சைக்கு உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில், கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே வருகின்றன. சென்ற ரமலானுக்கு முன் ஒரு தாய் வந்தார். மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து உதிரம் பட்டிருக்கிறது. மகனிடம் எப்படிச் சொல்வது என்று எட்டு மாதம் மறைத்துவிட்டார். நாம் பணம் கொடுத்தோம். போன எட்டு மாதத்தை யாரால் கொடுக்க முடியும்?

இது பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோய். ஹெச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம் என்று கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. மணவாழ்வில் இருக்கும் பெரும்பாலோரை ஏதோ ஒரு காலத்தில் இது தொற்றக்கூடும். அல்லாஹ் நம் உடலில் வைத்திருக்கும் எதிர்ப்பு சக்தி, பத்துக்கு ஒன்பது பேரிடம் அதை அடக்கிவிடுகிறது. அடங்காமல் தங்கிவிட்டால், புற்றாக மாற 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும்.

வயது ஏற ஏற இந்தச் சக்தி குறைவது இயல்பு. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. கிருமிகளை எதிர்க்கும் டி அணுக்கள் பக்குவமடைவது அங்கேதான். பருவ வயதுக்குப் பின் அது சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்வது இதனாலும்தான். இளம் உடல் தடுப்பூசியை நன்றாக ஏற்கும். கிருமி தொற்றுவதற்கு முன்பே காவலும் கிடைத்துவிடும்.

நம் வயதுக்காரர்களுக்குப் பரிசோதனைதான் வழி. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்கிறார்கள். காடி போன்ற ஒரு திரவத்தைத் தடவிப் பார்ப்பார்கள். மாறுதல் இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். சில நிமிட வேலை. புற்றாகும் முன்பே அதை அகற்றிவிடலாம்.

வெட்கம் நம் மார்க்கம் போற்றும் குணம்தான். ஆனால் இந்த உடல் அல்லாஹ் தந்த அமானிதம். பெண் மருத்துவரிடம் காட்டிச் சிகிச்சை பெற என்ன தயக்கம்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்நோய் வந்தவரின் ஒழுக்கத்தைப் பற்றி மறைவில் பேசுவோர் உண்டு. கற்போடு வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரும். அவதூறு பெரும்பாவம் என்பதை மறக்க வேண்டாம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் பெண் மருத்துவரையும் செவிலியரையும் மட்டுமே கொண்டு ஒரு பரிசோதனை முகாம் நடத்தவிருக்கிறோம். பெயர் விவரம் வெளியே போகாது. வாருங்கள், மாமியாரையும் மருமகளையும் அழைத்து வாருங்கள். முகாமுக்கு முன்பே உதிரமோ, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ கண்டால் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்துடன் கூடிய நீண்ட ஆயுளைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.