மார்க் இருக்கு, ஸ்காலர்ஷிப் எங்கே?

(ஒன்றிய அளவிலான இளைஞரணி, தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சிக் கூட்டத்தில் நம் ஐடி விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் முழுசா படிங்க. தெரிந்தவர்களுக்கு ஷேர் பண்ணுங்க.)



எனக்கு மேடைப்பேச்சு வராது தோழர்களே. போஸ்டர் டிசைன் பண்ணச் சொன்னா ராத்திரி முழுக்க உட்கார்ந்து பண்ணுவேன். ஆனா இன்னைக்கு அஞ்சு நிமிஷம் பேசணும்னு நானே கேட்டு வாங்கினேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கு நாம என்ன பண்றோம்? ஊர்ல அதிக மார்க் எடுத்த பிள்ளை வீட்டுக்குப் போறோம். சால்வை போடுறோம், ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். சாயங்காலம் பேஜ்ல போஸ்ட் போடுறோம். அத்தோட முடிஞ்சது. மூணு மாசம் கழிச்சு அந்தப் பிள்ளை எந்தக் காலேஜ்ல சேர்ந்துச்சு, ஃபீஸுக்கு என்ன பண்ணுச்சுன்னு யாரும் கேட்கிறதில்லை. அந்தப் போஸ்டை டிசைன் பண்ற நானும் கேட்டதில்லை.

கேட்டா என்ன சொல்லுவோம்? "நல்ல மார்க் எடுத்திருக்கு, கவர்மென்ட்டே கூப்பிட்டு ஸ்காலர்ஷிப் கொடுக்கும்" என்போம். இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். யாரும் கூப்பிட மாட்டாங்க. மார்க் எடுத்தா கிடைப்பது விண்ணப்பிக்கிற தகுதி மட்டும்தான். பணம் கிடைக்க இன்னும் நாலு வாசல் தாண்டணும்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு திட்டத்தை எடுத்துக்கிறேன். கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகை. பிளஸ் டூ மார்க்கை வைத்துக் கொடுப்பது. தனியா நுழைவுத் தேர்வு எதுவும் கிடையாது. நாடு முழுவதும் வருஷத்துக்கு 82,000 பேருக்குப் புதிதாகக் கொடுக்கணும். அதில் பாதி பெண் பிள்ளைகளுக்கு.

எவ்வளவு பணம்? டிகிரி படிக்கிற முதல் மூணு வருஷம், வருஷத்துக்கு 12,000 ரூபாய். பி.இ., பி.டெக் படித்தால் நாலாவது வருஷம் 20,000. அதாவது ஒரு இன்ஜினியரிங் மாணவருக்கு நாலு வருஷத்தில் 56,000 ரூபாய். பி.எஸ்சி., பி.காம் முடித்து முதுகலை போனால் அங்கேயும் வருஷத்துக்கு 20,000. பெரிய பணக்காரருக்கு இது ஒண்ணுமில்லை. தறி ஓட்டுற வீட்டுக்கு, ஆட்டோ ஓட்டுற வீட்டுக்கு இது வட்டிக்கு வாங்காத பணம்.

யாருக்குக் கொடுப்பாங்க? மூணு விஷயம் பார்க்கிறாங்க. ஒண்ணு, உங்க போர்டில், உங்க பிரிவில் பாஸ் ஆனவர்களில் 80-ஆவது பர்சென்டைலுக்கு மேல் இருக்கணும். ரெண்டு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருக்கணும். மூணு, ரெகுலர் டிகிரி படிக்கணும். அஞ்சல் வழி, டிப்ளமோ எல்லாம் கணக்கில் வராது. வேறு கல்வி உதவித்தொகையோ, ஃபீஸ் சலுகையோ வாங்குறவங்களுக்கும் இது கிடையாது. அதனால எது அதிகம்னு பார்த்து முடிவு பண்ணுங்க.

இந்த பர்சென்டைல்ங்கிற வார்த்தையிலேயே பாதிப் பேர் விலகிடுறாங்க. "80 பர்சென்ட் கேட்குறாங்க, நம்ம பிள்ளை 600-க்கு 460 தானே, கிடைக்காது" என்று விட்டுடுறாங்க. அப்படி இல்லைங்க. பர்சென்ட் வேற, பர்சென்டைல் வேற. உங்க பிரிவில் 100 பேர் பாஸ் ஆகியிருக்காங்கன்னு வெச்சுக்குங்க. மார்க் வரிசைப்படி நிற்க வைத்தால் முதல் 20 பேருக்குள் வந்தால் போதும். அந்த இருபதாவது ஆளோட மார்க் ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் குறையும். ஒரு பிரிவில் ஒரு மாதிரி, இன்னொரு பிரிவில் வேற மாதிரி. அதனால மார்க்கை மட்டும் பார்த்து நாமே "கிடைக்காது" என்று தீர்ப்பு சொல்லக் கூடாது.

80-ஐத் தாண்டினால் உடனே கிடைச்சிடுமா? அதுவும் இல்லை. அது வாசல் மட்டும்தான். மொத்த இடங்களில் சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ பங்கைப் பாஸ் ஆனவர்களின் எண்ணிக்கையை வைத்துத் தனியா எடுத்துடுவாங்க. மீதியை மாநில போர்டுகளுக்கு, அந்தந்த மாநிலத்தில் 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் மக்கள்தொகையைப் பார்த்துப் பிரிப்பாங்க. அதற்குள் அறிவியல், வணிகவியல், கலைப்பிரிவு என்று 3:2:1 விகிதம். 600 இடம்னா 300, 200, 100. எஸ்.சி. 15 சதவீதம், எஸ்.டி. 7.5 சதவீதம், ஓ.பி.சி. 27 சதவீதம் இட ஒதுக்கீடு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 5 சதவீதம். அந்த இடங்களுக்கு, விண்ணப்பித்தவர்களில் மார்க் வரிசைப்படி தேர்வு செய்வாங்க.

"விண்ணப்பித்தவர்களில்" என்ற வார்த்தையைக் கவனிங்க தோழர்களே. 590 எடுத்த பிள்ளை அப்ளை பண்ணலைன்னா அந்தப் பட்டியலில் அந்தப் பேரே இருக்காது.

இப்ப அந்த நாலு வாசலுக்கு வர்றேன். போனை எடுத்துக் குறிச்சுக்குங்க.

முதல் வாசல், வருமானச் சான்றிதழ். இ-சேவையில் போடணும். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு கை மாறி வரணும். காலேஜ் அட்மிஷன் நேரத்தில் ஊரே இதுக்குத்தான் நிற்கும். அதனால ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம பரீட்சை முடிஞ்ச கையோட போட்டுடணும்.

ரெண்டாவது வாசல், தேசிய உதவித்தொகை இணையதளம். முதல்ல ஆதாரை வைத்து ஒருமுறைப் பதிவு எண் வாங்கணும், அப்புறம்தான் விண்ணப்பம். ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க்ஷீட்டில் வேற இனிஷியல் இருந்தா இங்கேதான் மாட்டும். புதிய விண்ணப்பம் முதலாண்டில்தான். அந்த வருஷம் விட்டால், விட்டதுதான்.

மூணாவது வாசல், கல்லூரி. நீங்க சப்மிட் கொடுத்ததோட வேலை முடியலை. உங்க கல்லூரியில் இதற்கென்று இருக்கும் பொறுப்பு அலுவலர் ஆன்லைனில் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்கணும். அதுக்கும் தனியா கடைசித் தேதி உண்டு. அவர் தொடாம விட்டா, உங்க விண்ணப்பம் அங்கேயே கிடந்து செத்துடும். குறை இருக்குன்னு திருப்பி அனுப்பினா, தேதிக்குள்ள சரி பண்ணித் திரும்பக் கொடுக்கணும். அதனால வாரத்துக்கு ஒருமுறை லாகின் பண்ணி ஸ்டேட்டஸ் பார்க்கணும்.

நாலாவது வாசல், பேங்க். பிள்ளை பேரில் கணக்கு இருக்கணும், அதில் ஆதார் இணைந்திருக்கணும். "ஆதார் ஜெராக்ஸ் கொடுத்துட்டோமே" என்பாங்க. ஜெராக்ஸ் கொடுத்தது வேற, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக அந்தக் கணக்கோட ஆதாரை இணைச்சது வேற. பேங்குல போய் "டிபிடிக்கு ஆதார் சீடிங் ஆகியிருக்கா" என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்க. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த கணக்கு தூங்கிப் போயிருந்தா முதல்ல அதை எழுப்புங்க.

இதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும். 50 சதவீத மார்க், 75 சதவீத வருகை வேணும். தானா வராது, மறுபடியும் இணையதளத்தில் போடணும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேட்கலாம். இழந்து தெரிஞ்சுகிட்டேன். எங்கப்பா லோடு ஆட்டோ ஓட்டுறவர். நான் நல்ல மார்க்தான். எங்க தெருவில் எனக்கும் சால்வை போட்டாங்க. இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது, பக்கத்து பெஞ்ச் பையன் போனில் "10,000 கிரெடிட்" என்று மெசேஜ் வந்துச்சு. அப்ப வருஷத்துக்கு 10,000தான். "என்னடா இது"ன்னு கேட்டேன். அவன் மார்க் என்னைவிடக் கம்மி. அவங்க அக்கா ஏற்கெனவே வாங்கினதால அவனுக்கு வழி தெரிஞ்சிருந்துச்சு. எனக்குச் சொல்ல ஆள் இல்லை. கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒரு ஓரமா ஒட்டியிருந்தாங்களாம். நான் பார்க்கலை.

நாலு வருஷத்துக்கு 50,000 ரூபாய். எங்கப்பா அந்த வருஷம் ஃபீஸுக்கு அம்மா நகையை அடகு வெச்சார். இன்னைக்கு வரைக்கும் இந்த விஷயத்தை நான் அவர்கிட்ட சொல்லலை.

இதில் நான் கோபப்படுறது என் மேல மட்டும் இல்லை தோழர்களே. நான் படித்தது இன்ஜினியரிங். ஒரு கேள்வி மண்டையைக் குடையுது. என் மார்க் போர்டுகிட்ட இருக்கு. 80-ஆவது பர்சென்டைல் எதுன்னு கணக்குப் போடுறதும் அதே போர்டுதான். யார் யார் அந்தக் கோட்டுக்கு மேல இருக்காங்கன்னு ஒரு கம்ப்யூட்டர் சில நிமிஷத்தில் பட்டியல் கொடுத்துடும். அந்தப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையோட போனுக்கும் "நீ தகுதி பெற்றிருக்கிறாய், விண்ணப்பி" என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப என்ன தடை? ரிசல்ட்டை எஸ்எம்எஸ்ல அனுப்பத் தெரியுதில்ல?

நம் கட்சி சார்பில் மூணு கோரிக்கை வைக்கணும்னு பொறுப்பாளர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கேன். ஒண்ணு, ரிசல்ட் அன்றே ஒவ்வொரு பிரிவுக்கும் 80-ஆவது பர்சென்டைல் மார்க்கை வெளியிடணும், தகுதி உள்ளவர்களுக்குத் தகவல் போகணும். ரெண்டு, கல்லூரி சரிபார்க்காம விட்டதுக்காக மாணவர் விண்ணப்பம் சாகக் கூடாது. தேதி தாண்டினா மேலதிகாரிக்குத் தானா போகணும். மூணு, தொகையை விலைவாசியோட சேர்த்து உயர்த்தணும். வருஷத்துக்கு 12,000 என்றால் மாசம் ஆயிரம் ரூபாய். ஹாஸ்டல் மெஸ் பில்லில் அது எத்தனை நாளைக்குக் காணும்னு நீங்களே கணக்குப் போடுங்க.

கோரிக்கை நிறைவேற நாளாகும். அதுவரைக்கும் அந்த எஸ்எம்எஸ் நாமதான். ஒவ்வொரு பூத்துக்கும் ஒரு தன்னார்வலர் போதும். பூத்தில் இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகள் பட்டியலை ஒரு நோட்டில் எழுதுங்க. நாலு கட்டம் போடுங்க: வருமானச் சான்று, விண்ணப்பம், கல்லூரி ஒப்புதல், பேங்க். முடிஞ்சா டிக். முடியலைன்னா போன் பண்ணுங்க. வந்து உட்கார்ந்து போட்டுக் கொடுக்க நாங்க இருக்கோம். எந்தக் கட்சி வீட்டுப் பிள்ளைன்னு பார்க்காதீங்க. ஓடிபியை மட்டும் பிள்ளையே டைப் பண்ணட்டும். அவங்க பாஸ்வேர்டு நம்ம போனில் இருக்கக் கூடாது.

அதே நோட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் எழுதுங்க. அவங்களுக்கு என்எம்எம்எஸ் தேர்வு இருக்கு. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு. குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கணும். தேர்வானா ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை வருஷத்துக்கு 12,000, மொத்தம் 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். பிள்ளை படிப்பை நிறுத்தலாமா என்று வீட்டில் பேச்சு வருவதே அந்த வயசில்தான்.

அடுத்த வருஷமும் ரிசல்ட் வரும். சால்வையும் போடுவோம், வேணாம்னு சொல்லலை. ஆனா சால்வை போடப் போகும்போது அந்த நோட்டையும் கையில எடுத்துட்டுப் போங்க. முதல் டிக் அந்த வீட்டுத் திண்ணையிலேயே விழட்டும்.



(உங்கள் பகுதியில் உதவி தேவைப்பட்டால் பேஜ் இன்பாக்ஸில் ஊர் பெயரை மட்டும் அனுப்புங்கள். ஆதார் எண், வங்கி விவரங்களை கமென்ட்டில் போட வேண்டாம்.)

#மார்க்இருக்குஸ்காலர்ஷிப்எங்கே #பூத்துக்குஒருநோட்டு